அடைப்புக்குறிக்குள் ஒரு சத்தியம்

தெய்வசிகாமணி பெர்த்துக்குப் போய் நாலு வருசம்.
அவர் எழுதிய நிரல் மட்டும் இங்கேயே இருக்கிறது,
திருப்பூர் பல்லடம் ரோட்டில்,
நிட்டிங் கம்பெனி மாடியில்,
ஏசி ஓடாத அறையில், என்னிடம்.

வரிக்கு வரி அடைப்புக்குறி.
எண் என்று அறிவித்த ஒன்றை
அடுத்த வரியிலேயே கூப்பிட்டு
"நீ எண்தான்" என்கிறார்.
எழுத்தைப் பிடித்து நிறுத்தி, "நீ எழுத்து."
பில்லைப் பார்த்து, "நீ பில்."
அது என்ன பதில் சொல்லும்?
பிறந்ததிலிருந்தே அது அதுதான்.

எங்கள் ஊர்ப் பேச்சும் கொஞ்சம் அப்படி.
வாங்க, இருங்க, இல்லைங்க, தெரியாதுங்க,
ராங் நம்பருக்கும் ஒரு ங்க.
அது பாட்டுக்கு ஒட்டிக்கொண்டு வரும்,
அர்த்தத்தில் கை வைக்காது.
அவரும் அப்படி நினைத்துத்தான் போட்டிருப்பார்:
கம்பைலர் கோபித்துக்கொண்டால் எதற்கு வம்பு,
கிடக்கட்டும் ஒன்று.

கம்பைலருக்கு அது வேறு மாதிரி கேட்கும்.
"நீ பார்க்க வேண்டாம், நான் பார்த்தாச்சு"
என்று சூடம் அடித்துச் சொன்ன மாதிரி.
அதுவும் நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளும்.
பார்த்தாரா அவர்?

"காஸ்ட்டை எல்லாம் எடுத்துக்கிட்டு இருக்கேன்"
என்று போனில் தோழியிடம் சொன்னேன்.
எதிர் மேசை கேஷியர் நிமிர்ந்தார்.
போன மாசம் தன் தெருவில் வாடகை வீடு காட்டியவர்.
"நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டிருந்தார்.
வாடகைக்கு வந்த ஆள் என்றேன்.
வீடு கிடைக்கவில்லை.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.
ஒன்றை அழிப்பேன், ஓட்டிப் பார்ப்பேன், பச்சை.
இன்னொன்று, பச்சை.
டீ. பச்சை.
கீழே சர்க்குலர் மெஷின் உறுமல்
தரை வழியாகக் காலுக்கு ஏறுகிறது.
முந்நூற்று எட்டாவதில்
சிவப்பு.

"புள்ளிக்குப் பின்னால் வருவதை எங்கே வைக்கட்டும்?"
கம்பைலர் முதல்தடவையாக வாயைத் திறந்து
ஒரு கேள்வி கேட்டது.

ரோல் எடை.
பத்தொன்பது கிலோ அறுநூற்று நாற்பது கிராம்
அந்தக் குறிக்குள் நுழைந்தால்
பத்தொன்பதாக வெளியே வரும்.
சும்மா போட்ட சத்தியம் அத்தனைக்கும் நடுவில்
வேலை செய்த சத்தியம் இது ஒன்று,
அதே உடுப்பில்,
அதே பவ்யத்தோடு உட்கார்ந்திருந்தது.

சேவூரில் இரண்டு மெஷின் வைத்து
ஜாப் ஒர்க் ஓட்டுகிறவர் கருணாம்பிகை.
கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் கூலி.
மாசக் கடைசியில் பில்லோடு மாடியேறுவார்.
"கணக்கு எங்கியோ உதைக்குதுங்க."
கேஷியர் திரையைத் திருப்பிக் காட்டுவார்.
"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாங்க?"
நானும் இதே நாற்காலியில்தான் இருந்தேன்.
தலையைத் தூக்கவில்லை.

ரோலுக்கு அரைக் கிலோ, சராசரி.
நாளைக்கு இருபது ரோல்.
வருசத்துக்கு முந்நூறு நாள்.
கால்குலேட்டரை இரண்டு தடவை அழித்துப் போட்டேன்.
நாலு வருசத்துக்கு
ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம்.

அந்தக் குறியை எடுத்தேன்.
தசமத்துக்கு இடம் விட்டேன்.
தராசு வாசலில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன்:
தராசு எடையை எழுத்தாகத்தான் அனுப்பும்,
அதை எண்ணாக்க ஆள் வேண்டும்.
அங்கேயும் கண்ணை மூடாதே,
எண்ணாக வராவிட்டால் நில், சத்தம் போடு
என்று எழுதிவைத்தேன்.

பொழுதோட கருணாம்பிகைக்குப் போன் செய்தேன்.
பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
சொன்னேன்.
நூல் அறுந்து மெஷின் நின்றது போல;
ஒரு நிமிசம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
"அன்னிக்கே சொன்னனுங்களே" என்றார்.
அப்புறம்,
"புள்ளிக்கு அக்கட்டால இருக்கறதும்
நாங்க ஓட்டுன துணிதானுங்களே?"

ஆமாங்க என்றேன்.

இன்னும் நூற்று நாலு இருக்கிறது.